தானே ஒட்டும் ரெசின்: கிரௌன், போஸ்ட், ஃபில்லிங் மூன்றுக்கும் படிப்படியான வழிகாட்டி

கழன்று விழுந்த கிரௌனை (பல்மேல் தொப்பிபோல் ஒட்டும் உறையை) யாராவது காகிதத்தில் மடித்து எடுத்து வந்தால், பல்லைப் பார்ப்பதற்கு முன்பே அதை வாங்கி உட்புறத்தைப் பார்ப்பேன். லூப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும். சிமென்ட் முழுவதும் வார்த்து வைத்ததுபோல் கிரௌனுக்குள் படிந்திருந்து, பல் வெறுமையாக இருந்தால், பல் பக்கம் பிடிக்கவில்லை. சிமென்ட் பல்மேல் தங்கி கிரௌனின் உட்புறம் வழவழவென்று இருந்தால், கிரௌன் பக்கத் தயாரிப்பில் கோளாறு. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தால் சிமென்டே நடுவில் கிழிந்திருக்கிறது. ஒன்று அது சரியாக இறுகவில்லை, அல்லது பல் குட்டையாக இருந்து பாரத்தைத் தாங்கவில்லை.

என் கைக்கு வருவதில் முதல் வகைதான் அதிகம். காரணம் பெரும்பாலும் தானே ஒட்டும் ரெசின் சிமென்ட் என்கிற பெயர். தானே ஒட்டும் சிமென்ட் என்றதும், பிழிந்து வைத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று மனசு நம்பிவிடுகிறது. தனி எட்சிங் (அமிலம் வைத்துப் பல்லைத் தயார்செய்வது), தனி பிரைமர், தனி பாண்டிங் (ஒட்டுத் திரவங்கள்) வேண்டாம் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். பல்லைச் சுத்தம் செய்வது, ஈரத்தின் அளவு பார்ப்பது, அழுத்திப் பிடிப்பது, இறுகும்வரை பொறுத்திருப்பது எல்லாம் இன்னும் நம் கையில்தான் இருக்கின்றன. பல் மருத்துவம் படிக்கிறவர்களையும், கிளினிக் தொடங்கிச் சில வருடங்களே ஆனவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். தன் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவரும் படிக்கலாம்.

இது எப்படி ஒட்டுகிறது

1955இல் மைக்கேல் புவனோகோர், பல்லின் மேல் ஓடான எனாமல்மேல் பாஸ்பாரிக் அமிலத்தை 30 விநாடி வைத்துக் கழுவி, அதன்மேல் அக்ரிலிக் நன்றாகப் பிடிப்பதைக் காட்டினார். ஒட்டுப் பல் மருத்துவம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ரஃபேல் போவனின் பிஸ்-ஜிஎம்ஏ ரெசினுக்கு 1962இல் காப்புரிமை கிடைத்தது. ரெசின், எனாமலுக்கு அடியில் இருக்கிற டென்டினுக்குள் ஊடுருவி உண்டாக்கும் ஹைப்ரிட் அடுக்கை 1982இல் நகபயாஷி விளக்கினார். ஒவ்வொரு முன்னேற்றத்தோடும் பாட்டில்களும் படிகளும் கூடின. எட்ச், கழுவு, பிரைமர், பாண்ட், அப்புறம் சிமென்ட். நடுவில் ஒரு துளி எச்சில் பட்டால் மறுபடி முதலிலிருந்து. இந்தத் தொல்லைக்கு விடையாக 2002இல் ரிலையெக்ஸ் யூனிசெம் வந்தது. தானே ஒட்டும் ரெசின் சிமென்ட்களில் முதலாவது அதுதான்.

இதன் சூட்சுமம் அமில மோனோமர் என்னும் மூலக்கூறில் இருக்கிறது. அதன் ஒரு முனையில் பாஸ்பேட் போன்ற அமிலக் குழு. அது பல்லின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மறு முனையில் மெத்தாக்ரிலேட். அது மற்ற மோனோமர்களோடு கைகோத்து ரெசினாக இறுகும். 10-எம்டிபி, 4-மெட்டா, ஜிபிடிஎம் என்று பொருளுக்குப் பொருள் மோனோமர் மாறும், வேலை ஒன்றுதான். கலந்தவுடன் சிமென்டின் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும். பல்லின் தாதுவும் சிமென்டில் இருக்கிற காரத்தன்மையுள்ள கண்ணாடித் துகள்களும் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்க, பிஎச் மெல்ல ஏறுகிறது. தொடக்கத்தில் நீரை விரும்பும் பொருள், இறுக இறுக நீரை ஒதுக்கும் பொருளாக மாறுகிறது. இந்த மாற்றம் பாதியில் நின்றால், சிமென்ட் நீரை உறிஞ்சி நாளடைவில் பலம் இழக்கும். இறுகவிடுவதில் அவசரம் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பல்லைச் சீவும்போது பர் (சீவும் முனை) விட்டுச் செல்கிற ஸ்மியர் லேயர் என்னும் தூள் படலம் 1 முதல் 2 மைக்ரான் கனம் இருக்கும். பாஸ்பாரிக் அமில ஜெல் அதைக் கரைத்துக் கழுவி எடுத்துவிடும். இந்த சிமென்ட் அந்த அளவு வீரியமான அமிலம் அல்ல, கெட்டியானதும்கூட. ஸ்மியர் லேயரை ஓரளவு ஊடுருவி மேலோட்டமாகத்தான் பிடிக்கிறது. டென்டின் குழாய்களின் அடைப்பு பெரும்பாலும் அப்படியே இருப்பதால், ஒட்டிய பிறகு பல் கூசுவது குறைவு. நல்ல விஷயம். ஆனால் அந்த மேலோட்டமான பிடியில் அழுக்கு, எண்ணெய், ரத்தம் எதுவும் குறுக்கே வரக்கூடாது.

எதற்குப் பயன்படுத்தலாம், எதற்கு வேண்டாம்

உலோகம், சிர்கோனியா, லித்தியம் டைசிலிகேட் (பின்னிரண்டும் பீங்கான் வகைகள்) கிரௌன்கள், பிரிட்ஜ், ஃபைபர் போஸ்ட் (வேர்க் குழாய்க்குள் நிறுத்தும் தண்டு), நல்ல பிடிமானம் உள்ள இன்லே (வெளியே செய்து பல்லின் குழிக்குள் பொருத்தும் துண்டு) ஆகியவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெனீருக்கு (பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகட்டுக்கு) வேண்டாம். வெனீர் பிடிப்பது எனாமலை நம்பி, இந்த சிமென்டுக்கு எனாமல்மேல் பிடி குறைவு. மெல்லிய பீங்கானுக்குப் பின்னால் நிறமும் மாறாமல் இருக்க வேண்டும். அதற்கு லைட்டால் மட்டும் இறுகும் சிமென்டும் முறையான எட்சிங்கும் பாண்டிங்கும்தான் சரி.

பல்லின் உயரத்தையும் அளந்து பாருங்கள். சீவிய பிறகு கடைவாய்ப் பல்லில் குறைந்தது 4 மில்லிமீட்டரும், முன்பற்களிலும் முன்கடைவாய்ப் பற்களிலும் 3 மில்லிமீட்டரும் நிற்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்கள் சேர்ந்து சாயும் கோணம் 10 முதல் 20 டிகிரிக்குள் இருப்பது நல்லது. குட்டையாக, கூம்பாகச் சீவிய பல்லை எந்தத் தானே ஒட்டும் சிமென்டும் காப்பாற்றாது. அங்கே பள்ளமோ பெட்டியோ வெட்டிப் பிடிமானம் சேருங்கள், அல்லது முழுப் பாண்டிங் முறைக்குப் போங்கள்.

முதல் படி: பல்லைத் தயார் செய்தல்

தற்காலிக கிரௌனைக் கழற்றியதும் பல்மேல் மெல்லிய படலமாகத் தற்காலிக சிமென்ட் ஒட்டியிருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். எக்ஸ்ப்ளோரர் என்னும் கூரிய கருவியின் முனையால் மெதுவாக இழுத்தால் வெள்ளைத் தூளாக உதிரும். ஸ்கேலரால் சுரண்டிவிட்டு, ஃப்ளோரைடும் எண்ணெயும் இல்லாத பியூமிஸ் தூளை நீரில் குழைத்து, பிரஷ்ஷால் மெதுவான வேகத்தில் தேய்த்துக் கழுவுங்கள். பல் பக்கம் பிடிக்காமல் போன கிரௌன்களில் பெரும்பாலானவை, என் கணிப்பில், இந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்ததால் வந்தவை. தற்காலிக சிமென்ட் யூஜினால் (கிராம்பு எண்ணெயில் இருக்கும் பொருள்) இல்லாததாக இருக்கட்டும். யூஜினால் ரெசின் இறுகுவதைத் தடுக்கும்.

ஈறிலிருந்து ரத்தம் வந்தால் அன்றைக்கு ஒட்டாமல் இருப்பதே மேல். ரத்தம் நிறுத்தும் மருந்து போட்டே ஆக வேண்டுமென்றால், பிறகு நன்றாகக் கழுவித் தேய்த்து எடுங்கள். அலுமினியம் குளோரைடும் ஃபெரிக் சல்பேட்டும் பல்மேல் படிந்தால் ஒட்டும் பிடி குறையும். ஹைட்ரஜன் பெராக்சைடால் துடைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது விட்டுச் செல்லும் ஆக்சிஜன் ரெசினை இறுகவிடாது. பல்லை வெண்மையாக்கும் பிளீச்சிங் செய்திருந்தாலும் இதே காரணத்துக்காக 1 முதல் 2 வாரம் பொறுங்கள்.

எட்சிங் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். விளிம்பில் எனாமல் கணிசமாக இருந்தால், அந்த எனாமல்மேல் மட்டும் 35 முதல் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமில ஜெல்லை வைத்துக் கழுவினால் பிடி நன்றாகக் கூடும். ஜெல் டென்டின் பக்கம் வழியக் கூடாது. அமிலம் டென்டினின் தாதுவைக் கரைத்துக் கொல்லாஜன் வலையை வெறுமையாக விட்டுவிடும். கெட்டியான இந்த சிமென்டால் அந்த வலைக்குள் புக முடியாது, பிடித்துக்கொள்ளக் கால்சியமும் மேலே இல்லை. ஆக, நல்லது செய்கிறோம் என்று நினைத்து எட்ச் செய்த டென்டினில் பிடி குறைந்துதான் போகும். எனாமல் விளிம்பு மெலிதாக இருந்து, ஜெல்லை அங்கேயே நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை இல்லையென்றால், எட்சிங்கே வேண்டாம்.

கடைசியாக ஈரம். ஏர் சிரிஞ்சைக் கிட்டே வைத்து டென்டின் சுண்ணாம்புபோல் வெளிறும்வரை ஊதாதீர்கள். அமிலம் வேலை செய்யக் கொஞ்சம் நீர் வேண்டும். நீர் தேங்கியும் நிற்கக் கூடாது. பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, தூரத்திலிருந்து இரண்டு மூன்று முறை லேசாக ஊதினால், ஓரங்களில் நீர்த்துளி இல்லாமல், பரப்பு மட்டும் மெலிதாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்புதான் பதம்.

இரண்டாம் படி: கிரௌனின் உட்புறம்

வாயில் வைத்துப் பொருத்தம் பார்த்த கிரௌனில் எச்சில் பட்டிருக்கும். சிர்கோனியாவுக்கு இது தனிப் பிரச்சினை. எச்சிலில் இருக்கிற பாஸ்பேட், சிர்கோனியாவை இறுகப் பிடித்துக்கொள்ளும். நம் சிமென்டின் அமில மோனோமர் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிட்டால், தண்ணீரில் கழுவிப் பயனில்லை. பாஸ்பாரிக் அமிலத்தால் சுத்தம் செய்வதும் தப்பு, அதுவும் பாஸ்பேட்டைத்தான் கொண்டுவந்து கொட்டும். இதற்கென்றே விற்கிற சுத்திகரிப்புப் பசையைப் பூசி, சொல்லப்பட்ட விநாடி வைத்துக் கழுவுங்கள். அல்லது பொருத்தம் பார்த்த பிறகு 50 மைக்ரான் அலுமினாத் தூளால், 1 முதல் 2 பார் என்கிற குறைந்த அழுத்தத்தில், ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, உட்புறத்தை மட்டும் சாண்ட்பிளாஸ்ட் செய்யுங்கள். அதன்மேல் எம்டிபி உள்ள பிரைமர். சிமென்டிலேயே எம்டிபி இருந்து, தனிப் பிரைமர் வேண்டாம் என்று உற்பத்தியாளர் சொல்லியிருந்தால் விட்டுவிடலாம்.

லித்தியம் டைசிலிகேட்டுக்கு வழி வேறு. 5 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் 20 விநாடி, நன்றாகக் கழுவி உலர்த்தி, சைலேன் (பீங்கானையும் ரெசினையும் இணைக்கும் திரவம்) 60 விநாடி. இதை சாண்ட்பிளாஸ்ட் செய்யாதீர்கள், பீங்கானில் நுண்விரிசல் விழும். லேபிலேயே அமிலம் வைத்து அனுப்பியிருந்தால், பொருத்தம் பார்த்த பிறகு பாஸ்பாரிக் அமிலத்தால் சுத்தம் செய்து கழுவி, சைலேன் பூசினால் போதும். சிர்கோனியாவுக்குக் கூடாத பாஸ்பாரிக் அமிலம் இங்கே கூடும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை வாய்க்குள் கொண்டுபோகாதீர்கள். கையில் பட்டால் முதலில் வலிக்காமலே ஆழமாக அரிக்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

உலோக கிரௌனுக்கு சாண்ட்பிளாஸ்டும் ஆல்கஹால் துடைப்பும் போதும்.

மூன்றாம் படி: ஒட்டுதல்

ஃபிரிட்ஜில் வைத்திருந்த சிரிஞ்சை முன்கூட்டியே வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குளிர்ந்த சிமென்ட் கெட்டியாக வரும், இறுகவும் தாமதமாகும். மூடியைக் கழற்றி, டிப் மாட்டும் முன்பே கொஞ்சம் பிழிந்து, இரண்டு குழாய்களிலும் பசை சமமாக வருகிறதா என்று பாருங்கள். டிப் மாட்டிய பிறகும் முதல் துளியைப் பேடில் விட்டுவிடுங்கள். அது சரியாகக் கலக்காத துளி. பேடில் இருக்கிற அந்தத் துளியே பிறகு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தொட்டுப் பார்க்கவும் உதவும். ஆனால் வாயின் சூட்டில் சிமென்ட் அதைவிடச் சீக்கிரம் இறுகும் என்பதை மறக்காதீர்கள்.

கிரௌனை நிரப்ப வேண்டியதில்லை. உட்சுவரில் மெல்லிய, சமமான பூச்சு போதும். ஒட்டும் ரெசினின் படலக் கனம் 50 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்கிறது ஐஎஸ்ஓ 4049 என்னும் சர்வதேசத் தர விதி. நிரம்ப வைத்தால் கிரௌன் முழுதாக இறங்காது, பைட் (பற்கள் கடிபடும் உயரம்) உயர்ந்து நிற்கும்.

கிரௌனை வைத்ததும் விரலால் அழுத்திப் பிடியுங்கள், விட்டுவிட்டு அழுத்தாதீர்கள். அழுத்தும்போது இந்த சிமென்ட் இளகிப் பரப்போடு படிகிறது; எடுத்தால் மறுபடி கெட்டியாகிறது. அழுத்தமில்லாமல் வைத்த இடத்தில் சிமென்டுக்கும் டென்டினுக்கும் நடுவே நுண்ணிய வெற்றிடங்கள் தங்கிவிடும். பஞ்சுருளையைக் கடிக்கச் சொன்னால் சிலர் கடித்துக் கடித்து விடுவார்கள். அதனால் கடைவாய்ப் பல்லில்கூட முதல் நிமிடம் என் விரல்தான்.

பிதுங்கிய சிமென்டை எப்போது எடுப்பது என்பதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. நீர்மமாக இருக்கும்போதே துடைத்தால் விளிம்புக்குள் இருப்பதும் இழுபட்டு வரும், அங்கே பள்ளம் விழும். முழுக்க இறுகிவிட்டால் ஈறுக்கு அடியில் கல்லாக நிற்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 1 முதல் 3 விநாடி மட்டும் லைட் காட்டினால் அது ரப்பர் பதத்துக்கு வரும். ஸ்கேலர் முனையை விளிம்புக்குக் கீழே நுழைத்துக் கிளப்பினால் நாடாபோல ஒரே துண்டாக உரிந்து வரும். கிரௌனை ஒரு விரல் அழுத்திக்கொண்டே இருக்க, ஃப்ளாஸைப் பல்லிடுக்கில் இறக்கி, மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். இம்ப்ளான்ட் கிரௌனாக இருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். ஈறுக்கு அடியில் தங்கும் சிமென்ட், இம்ப்ளான்டைச் சுற்றி அழற்சியைக் கிளப்பி எலும்பையே கரைக்கக்கூடும்.

பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் முழு லைட். இந்த சிமென்ட் தானாகவும் இறுகும் என்பது உண்மைதான், ஆனால் லைட் பட்ட சிமென்ட் பொதுவாக இன்னும் நன்றாக இறுகும். கனமான சிர்கோனியாவும் உலோகமும் உள்ளே லைட்டை விடாது. அங்கே தானாக இறுகுவதைத்தான் நம்ப வேண்டும். ஆகவே உற்பத்தியாளர் சொன்ன நிமிடம் முடியும்வரை பைட் சரிசெய்யவோ பாலிஷ் போடவோ வேண்டாம். விளிம்பில் கிளிசரின் ஜெல் பூசி லைட் காட்டினால் காற்றின் ஆக்சிஜன் படாமல் மேற்பரப்பும் இறுகும்.

ஃபைபர் போஸ்ட்

இந்த சிமென்டின் அருமை எனக்குத் தெரிந்தது போஸ்ட் ஒட்டும்போதுதான். வேர்க் குழாயின் அடியில் எட்ச் செய்து, கழுவி, அளவாக உலர்த்தி, பாண்ட் பூசி லைட் காட்டுவது எவ்வளவு பாடு என்று செய்தவர்களுக்குத் தெரியும். அந்த வேலை முழுவதும் இங்கே மிச்சம்.

வேர் சிகிச்சையில் குழாயை அடைத்த கட்டா பெர்ச்சாவும் (ரப்பர் போன்ற பொருள்) சீலரும் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கக் கூடாது. சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவியிருந்தால், அதுவும் ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். கடைசிக் கழுவல் நிறையத் தண்ணீரால் இருக்கட்டும். பேப்பர் பாயிண்டால் ஒற்றி எடுங்கள், காற்று ஊதி வறட்ட வேண்டாம். நீளமான மெல்லிய டிப்பைக் குழாயின் அடிவரை இறக்கி, பிழிந்துகொண்டே மெதுவாக மேலே வாருங்கள். டிப் முனை சிமென்டுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். லென்டுலோ சுருளால் உள்ளே தள்ளாதீர்கள், சிமென்ட் சட்டென்று இறுகி போஸ்ட் பாதியிலேயே நின்றுவிடும். போஸ்டை லேசாகத் திருகியபடி இறக்கிப் பிடித்து, மேலிருந்து லைட் காட்டுங்கள்.

தானே ஒட்டும் ஃபில்லிங் பொருள்கள்

இதே யோசனையில் ஃப்ளோவபிள் காம்போசிட்டும் (இளகி ஓடும் ஃபில்லிங் ரெசின்) வந்திருக்கிறது. ஜிபிடிஎம் உள்ள வெர்டைஸ் ஃப்ளோ அந்த வகைதான். சின்னக் குழிகள், பெரிய ஃபில்லிங்கின் அடியில் போடும் முதல் அடுக்கு, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல்லின் கழுத்தில் தேய்ந்துபோன இடங்களில் நான் இதைப் போடுவதில்லை. பிடிமானமே இல்லாத அந்த இடத்தில் இதன் ஒட்டும் பலம் போதாது. அங்கே பாண்டிங்கோடு காம்போசிட்டோ கிளாஸ் அயனோமரோ நல்லது.

போடும் விதத்தில் முதல் அடுக்குதான் எல்லாம். அரை மில்லிமீட்டருக்கும் மெலிதாக வைத்து, பிரஷ்ஷால் 15 முதல் 20 விநாடி அழுத்தித் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்புதான் அமில மோனோமரைப் பல்லோடு சேர்க்கிறது. 20 விநாடி லைட். பிறகு 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத அடுக்குகளாக அதையோ வழக்கமான காம்போசிட்டையோ ஏற்றலாம். எனாமல் ஓரத்தை மட்டும் முன்பே எட்ச் செய்துகொண்டால் ஓரம் கறை பிடிப்பது குறையும்.

கையுறையை நம்பாதீர்கள்

இறுகாத மெத்தாக்ரிலேட் நாம் போடும் மெல்லிய கையுறையைச் சில நிமிடங்களிலேயே கடந்துவிடும். விரல்நுனி வெடித்து, அரிப்பு வந்து, அலர்ஜியாக நிலைத்துவிட்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்க ரெசினோடு போராட்டம்தான். பிதுங்கியதை விரலால் வழிக்காதீர்கள். கையுறையில் பட்டால் உடனே கழற்றிக் கை கழுவிப் புதிதாக மாட்டுங்கள். உதவிக்கு நிற்பவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், பயன்படுத்திய டிப்பை எடுத்துப் போடுவது பெரும்பாலும் அவர்தான்.

கழன்ற கிரௌனை மறுபடி ஒட்டும்போது

பழைய சிமென்ட்மேல் புது சிமென்டை வைக்காதீர்கள். கிரௌனுக்குள் இருப்பதை முழுவதும் எடுத்து, சிர்கோனியாவோ உலோகமோ என்றால் சாண்ட்பிளாஸ்ட் செய்யுங்கள். லித்தியம் டைசிலிகேட் என்றால் பழையதை நீக்கிவிட்டு மறுபடி அமிலமும் சைலேனும். பல்லில் சொத்தை நுழைந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பியூமிஸிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள். அதற்கு முன், துடைத்து எடுப்பதற்குள், கிரௌனின் உட்புறத்தையும் பல்லையும் ஒரு போட்டோ எடுத்து, சிமென்ட் எந்தப் பக்கம் இருந்தது என்று நோயாளியின் குறிப்பில் எழுதி வையுங்கள். சிமென்டை எடுத்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். அதே கிரௌன் இரண்டாவது முறை கழன்று வந்தால் முதலில் தேடப்போவது அந்தக் குறிப்பைத்தான்.